கொடி நட்ட கொல்லை

அறுபதுகளின் நடுவில் ஒரு நாள் எங்கள் வேர்க்கடலைக் கொல்லையில் சிவப்புக் கொடிகளை நட்டார்கள். ஒருவர் மூன்று கால் ஸ்டாண்டில் கண்ணாடி வைத்துப் பார்க்க, இன்னொருவர் தூரத்தில் அளவுகோலைப் பிடித்து நிற்க, சர்வே ஆட்கள் ஒரு வாரம் அலைந்தார்கள். மெட்ராஸிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாக வாலாஜாபாத்துக்கு வேகமான ரயில் பாதை போடப்போகிறார்களாம். ஸ்டேஷன் எங்கள் கொல்லையில்தான் என்று ஊரில் பேச்சு. அப்பா அதற்குள் ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடைக்கு இடம் ஒதுக்கிவிட்டார்.

அடுத்த மாதம் ஏரிக்கு அக்கரையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. போன வருஷம் "பொண்ணு நெட்டை" என்று தட்டிக்கழித்த அதே வீடு. ஒரு வருஷத்தில் நான் குட்டையாகிவிடவில்லை. அம்மாவின் புடவை எனக்கு இன்னும் கணுக்காலுக்கு மேலேதான் நின்றது.

வந்தார்கள். காபி கொடுத்தேன். மாப்பிள்ளையின் அப்பா டம்ளரை வாங்கிக்கொண்டே ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தார்.

"கொடி நட்டுக்கீற எடம் பூரா உங்களுதுதானா?"

"பூரா எங்களுதுதான்" என்றார் அப்பா, பெருமையாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் போனதும், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிக்க இன்னா கீது இதுல?" என்று அம்மா கத்தினாள். மாப்பிள்ளை கடைசிவரை தலை நிமிராமல் உட்கார்ந்திருந்ததுகூட எனக்கு நடிப்பாகத்தான் பட்டது.

நான் இழுத்தடித்துக்கொண்டிருக்கும்போதே சர்வே ஆட்கள் மறுபடி வந்தார்கள். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் என்று மேலதிகாரி யாரோ சொன்னாராம். கொடிகளைப் பிடுங்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு போனார்கள். இனி அந்த வீட்டார் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் தரகர் வந்தார். "அவங்க இன்னும் உங்க பதிலுக்குத்தான் காத்துகினு கீறாங்க" என்றார். மனசு இளகிவிட்டது. சரி என்றேன். அப்பா முன்னைவிட அதிகமாக அவசரப்பட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, களத்தில் கடலை காயவைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை சைக்கிளில் வந்தார். இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றார்.

"அப்போ யோசிக்கணும்னியாம். இப்போ சரின்றியாம். இன்னா சமாச்சாரம்?"

"அப்போ எங்க கொல்லையில கொடி இருந்திச்சி. இப்போ இல்ல. அதான்."

"இப்போ அது எங்க கொல்லையில கீது" என்றார். "உங்கப்பா ரெண்டு தபா வந்தாரு. வூட்டுக்குள்ள வரல. கொல்லையத்தான் சுத்திப் பாத்தாரு."

எங்களைப் போய் இப்படி நினைக்கிறாரே என்று முதலில் கோபம்தான் வந்தது. நானும் அவர்களை இப்படித்தானே நினைத்தேன் என்று தோன்றியதும் வெட்கமாகப் போய்விட்டது.

"எனக்குத் தெரியாது" என்றேன். "நீங்க நம்பலன்னா விட்டுடுங்க."

"அன்னிக்கு இதையே நான் சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பியா?"

"மாட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ கொடி எங்கதான் போவுதுன்னு பாத்துட்டு முடிவு பண்லாம்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார்.

கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொன்னேன். அப்பா என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். பொங்கல் முடிந்ததும் சர்வே ஆட்கள் கடைசியாக வந்து அக்கரைக் கொடிகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாதையே கிடையாதாம். அதன் பிறகு தரகர் எட்டிப்பார்க்கவில்லை. நான் நெட்டை என்பது அக்கரையில் மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. பையனுக்கு நிலம் போதாது என்பது அப்பாவுக்குத் திடீரென்று புரிந்தது. நான் மட்டும் சாயங்காலங்களில் ஏரிக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையும் அவர் வீட்டார் ரகம்தான் என்று என்னை நானே நம்பவைக்கப் பார்த்தேன், முடியவில்லை.

மாசியில் ஒரு காலை அவர் தனியாக வந்தார்.

"பொண்ணு கேட்டு வந்துகீறேன்" என்றார் அப்பாவிடம்.

"உங்க வூட்ல ஒத்துக்கினாங்களா?"

"இன்னும் இல்ல. ஒத்துக்குவாங்க."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாசலுக்கு வந்து எங்கள் கொல்லையைப் பார்த்தேன். ஏரிக்கு அப்பால் அவர்களுடையதையும் பார்த்தேன். ஒரு கொடியும் இல்லை.

இந்தத் தடவை நான் யோசிக்கவில்லை.