உபதேசியார் சொல்லாமல் விட்ட வழி

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். சந்தியாப்பிள்ளை உபதேசியாரைச் சேமக்காலையில் அடக்கம் செய்து ஒரு கிழமை முடிந்துவிட்டது. இறந்தவருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்தாகிவிட்டது. இனி எழுதலாம்.

செய்தி வந்தபோது மன்னார் நகரில் கந்தோரில் இருந்தேன். வங்காலையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணை, உபதேசியார் மோசம் போயிட்டாராம். நீங்கள் ஊருக்குப் போறீங்கள்தானே?"

"ஓம்."

"அழுறீங்களோ?"

"இல்லை. கோப்பொண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றேன். பொய்யில்லை. அந்தக் கோப்பை முடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

அன்று பின்னேரத்துக்குள் நம் ஊரின் முகநூல் பக்கம் அவருடைய படங்களால் நிறைந்துவிட்டது. கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் நீங்கள் எழுதியதை எல்லாம் வாசித்தேன். சொற்கள் வேறுபட்டாலும் எல்லோரும் எழுதியது ஒன்றைத்தான்: கிறிஸ்துவை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து வாழ்ந்த மனிதர். அதை நான் மறுக்கவில்லை. அவர் அப்படி வாழ்ந்ததை உங்களில் எவரையும்விடக் கிட்ட இருந்து பார்த்தவன் நான். பதினெட்டு வருடம் அவரோடு ஆலய சபையில் செயலாளராக இருந்திருக்கிறேன்.

உங்களில் வயதானவர்களுக்கு அந்தக் கதிரை நினைவிருக்கும். சண்டைக் காலத்தில் ஒரு கிறிஸ்து அரசர் திருநாளுக்குச் சீருடையோடு பெரிய இராணுவ அதிகாரி ஒருவர் வருவதாகத் தகவல் வந்தது. பயத்தில் யாரோ மெத்தை வைத்த கதிரை ஒன்றைக் கொண்டுவந்து பீடத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். பூசை தொடங்கக் கொஞ்ச நேரமே இருந்தது. உபதேசியார் வந்தார், பார்த்தார், கதிரையைத் தானே தூக்கிக்கொண்டுபோய் வெளியே வேப்பமரத்தடியில் வைத்தார். வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவர் பின்னாலேயே ஓடினார்.

"உபதேசியார், விசர் வேலை பாக்காதீங்கோ. நாளைக்கு எங்களைக் கடலுக்கு விடமாட்டாங்கள்."

"இண்டைக்கு இஞ்ச ஒரு அரசர்தான் சம்மாட்டியார். அவருக்கே கதிரையில்லை. தொங்குறார், பாருங்கோ" என்றார் உபதேசியார், சிலுவையைக் காட்டி.

அதிகாரி வந்தபோது வாசலில் நின்று, தனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் வரவேற்று, மூன்றாவது வரிசை வாங்கில் இடம் காட்டினார். அதிகாரி பூசை முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டுப் போனார். மறுநாள் கடலுக்கும் விட்டார்கள்.

அவரிடம் வேடிக்கையும் இருந்தது. வலையில் மீன் படாத ஒரு மாதத்தில் பிரான்சிஸ் என்ற தொழிலாளி, வீட்டில் இருந்த அந்தோனியார் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டான். மீன் பட்டால்தான் முகத்தைத் திருப்புவானாம். விசாரிக்கப் போன உபதேசியாரோடு நானும் போனேன்.

"ஏனடா, அவருக்கு மேல ஒருத்தர் இருக்கிறாரே, அவரைக் கேக்கக் கூடாதே?"

"அவர் பெரிய ஆள் உபதேசியார். மீனுக்கெல்லாம் அவரைப் போய்க் கரைச்சல் படுத்தலாமே?"

"அவர்ர முதல் கூட்டாளிமாரே மீன்காரர்தானடா. அவருக்கு வலைநாற்றம் புதுசோ?"

பிரான்சிஸ் சிரித்துவிட்டான். படத்தைத் திருப்பி வைத்தான். பிறகும் மீன் படவில்லை, அது வேறு கதை.

இப்படிப்பட்ட மனிதரை நம்பாமல் எப்படி இருப்பது? நம்பினேன். அதில்தான் பிழை.

வெளியூர்க்காரர் இதை வாசித்தால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்களில் பூசை வைக்கிற சுவாமிமார் மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை மாறிப் போவார்கள். மூன்று ஊருக்கு ஒரு சுவாமி. கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் ஊர்க்காரர், மாறமாட்டார். ஞானஸ்நானம், கலியாணம், மரித்த வீடு எதுவானாலும் முதலில் அவரிடம்தான் போவோம். பத்திரங்களை அவர்தான் எழுதுவார். அவரைத் தாண்டிச் சுவாமியிடம் போவது அவரை அவமதிப்பதாகக் கருதப்பட்டது. யாரும் அப்படிச் செய்வதில்லை. நானும் செய்யவில்லை.

சமாதானம் பேசிய அந்தக் கொஞ்ச வருடங்களில் என்னோடு கந்தோரில் ஒருத்தி வேலை செய்தாள். திருக்கேதீஸ்வரத்துக்குப் பக்கத்து ஊர், வயல் செய்கிற சைவக் குடும்பம். இரண்டு வருடம் பழகினோம். எங்கள் இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு இருந்தது, ஆனால் அடங்கக்கூடிய எதிர்ப்பு. ஒரு சனிக்கிழமை காலை அவளை உபதேசியாரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பீடத்துக்குப் பின்னால் இருந்த அறையில் பூசை உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"இருங்கோ பிள்ளை. எங்கட கோயிலுக்கு வந்து யேசுவைக் கும்பிடுவீங்களோ?"

"கும்பிடுவன் ஐயா. சின்னனிலயிருந்து அம்மாவோட மடு மாதா கோயிலுக்கு வாறனாங்கள்."

"உங்கட சிவனுக்குப் பக்கத்தில வைச்சோ, மேல வைச்சோ?"

"பக்கத்தில வைச்சுத்தான் ஐயா. மேல வைக்கிறன் எண்டு உங்களுக்காகச் சொல்லலாம். ஆனா அது பொய். பொய் சொல்லி ஞானஸ்நானம் எடுத்தா உங்கட யேசுவுக்குப் பிடிக்குமோ?"

உபதேசியார் மடித்துக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "நல்ல பிள்ளை" என்றார். அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"வழியில்லைத் தம்பி. ஞானஸ்நானம் இல்லாம எங்கட கோயில்ல கலியாணம் இல்லை. அந்தப் பிள்ளை பொய் சொல்லாது, நீயும் சொல்ல வைக்காத. கிறிஸ்துவுக்கு இரண்டாம் இடம் எண்டொண்டு இல்லை. முதலிடம், இல்லையெண்டா இடமே இல்லை. உன்ர வீட்டில அவருக்கு எந்த இடம் எண்டு நீதான் சொல்லவேணும்."

இரண்டு கிழமை தள்ளிப்போட்டேன். பிறகு, கலியாணம் நடக்காது என்று அவளிடம் சொன்னேன். கந்தோருக்கு முன்னால் பஸ் தரிப்பிடத்தில், பின்னேரம், சனம் பார்த்துக்கொண்டு நிற்க. அவள் அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"இது உங்கட யேசு சொன்னதோ, உபதேசியார் சொன்னதோ?"

"இரண்டும் ஒண்டுதான்" என்றேன்.

பஸ் வந்தது. வழக்கமாகச் சொல்வதுபோல "போயிட்டு வாறன்" என்று சொல்லி ஏறினாள். அடுத்த மாதமே வவுனியாவுக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கலியாணம் செய்யவில்லை. அதை ஒரு காணிக்கை என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிறு தோறும் பூசையில் வேத வாசகம் வாசித்தேன். உபதேசியார் என் தோளில் கைவைத்து "இவன் கிறிஸ்துவுக்கெண்டு நிக்கிறவன்" என்று வருகிற சுவாமிமாரிடம் எல்லாம் சொல்வார். எனக்குப் பெருமையாக இருக்கும். இதை எழுதும்போது கை கூசுகிறது.

ஏழெட்டு வருடத்துக்கு முன் அவருடைய மகன் கனடாவிலிருந்து வந்து நம் கோயிலில் கலியாணம் செய்தான். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். பெண் சைவக் குடும்பம். ஞானஸ்நானம் எடுத்திருப்பாள் என்றுதான் நீங்களும் நினைத்தீர்கள், நானும் நினைத்தேன். கையெழுத்து வாங்குவதற்காகப் பத்திரங்களைச் சுவாமி என்னிடம் தந்தபோதுதான் பார்த்தேன். ஆயரின் அனுமதிக் கடிதம். மணமகள் தன் மதத்திலேயே இருக்க, கத்தோலிக்க மணமகன் தன் விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளை அதில் வளர்க்க முயல்வேன் என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

"சுவாமி, இது இப்ப வந்த ஒழுங்கோ?" என்று கேட்டேன்.

இளம் சுவாமி. சிரித்தார். "இப்பவோ? நான் பிறக்க முன்னமே இருக்கு. உங்கட உபதேசியாரே எத்தினை பேருக்கு எழுதிக் குடுத்திருக்கிறார்! பழைய கோப்புகளைப் பாருங்கோ."

பார்த்தேன். தோட்டவெளியில் சைவப் பெண் எடுத்த ஒருவர், இன்னும் இரண்டு பேர். மூன்றும் என் விஷயத்துக்கு முந்தியவை. மூன்றும் அவருடைய கையெழுத்தில். ஊர் கதைக்கும் என்று ஆயர் இல்லத்துச் சிற்றாலயத்தில் சத்தமில்லாமல் முடித்திருக்கிறார்கள். படித்தவனுக்கு இது தெரியாமல் போனதா என்று கேட்பீர்கள். உபதேசியார் வழியில்லை என்று சொன்ன பிறகு வழி தேடுகிறவன் எங்கள் ஊரில் இருக்கவில்லை. நான் படித்தது வேறு பாடங்கள்.

மறுநாள் காலை கோயிலில் அவர் கலியாணப் பூக்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நேரே கேட்டேன்.

"எனக்கு வழியில்லை எண்டு தெரிஞ்சுதான் சொன்னனீங்களோ?"

"எதைத் தெரிஞ்சு?"

"ஆயர்ர அனுமதி."

அவர் தடுமாறவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "ஓம், தெரியும்" என்றார்.

"ஏன் சொல்லேல்லை?"

"என்ர பொடியன் சாதாரண ஆள். அவனுக்கு அனுமதி போதும். நீ அப்பிடியில்லை. உன்னை அவருக்கெண்டு எடுத்து வைச்சனான். அந்தப் பிள்ளையைக் கட்டியிருந்தா நீ இண்டைக்கு இந்தக் கோயில்ல நிப்பியோ?"

"அவர் உங்களைக் கேட்டவரோ, என்னை எடுத்து வைக்கச் சொல்லி?"

உபதேசியார் கையிலிருந்த பூக்களைக் கூடையில் போட்டார். பிறகு, "அந்தச் சாடியை இஞ்சால எடு" என்றார். நான் எடுத்துக் கொடுத்தேன். கோபத்தில் சுவரோடு அடித்திருக்கலாம். எடுத்துக் கொடுத்தேன்.

அன்றோடு செயலாளர் பொறுப்பை விட்டேன். நேரமில்லை என்று ஊருக்குச் சொன்னேன். அவர் படுக்கையில் விழுந்த பிறகு இரண்டு முறை ஆள் அனுப்பினார். போகவில்லை. நல்லடக்கப் பூசையில் நன்றியுரை சொல்லக் கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்றேன். சேமக்காலையில் மண் போட்ட பிறகு அவருடைய மகன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அப்பா கடைசியா உங்களைத்தான் அண்ணை கேட்டவர்."

"என்ன கேட்டவர்?"

"'அவன் இப்பவும் வாசகம் வாசிக்கிறானோ' எண்டு."

மன்னிப்பு அனுப்பியிருப்பார் என்று ஒரு கணம் நினைத்த என் புத்தியை என்ன சொல்ல? அவர் தன் வேலை சரியாக நடக்கிறதா என்று பார்த்திருக்கிறார். அவருடைய மகனின் முகத்தைப் பார்த்து "வாசிக்கிறன்" என்றேன். உண்மைதான். வாசிக்கிறேன்.

ஏன் இன்னும் வாசிக்கிறேன் என்று கேட்டால், அதுதான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது. கிறிஸ்துவுக்கு மேலே எவரும் இல்லை என்று அவர் சொன்னதை நான் இன்றும் விசுவசிக்கிறேன். அவர் அதைச் சொல்லிக்கொண்டு தன் தீர்ப்பைக் கிறிஸ்துவின் தீர்ப்பாக எனக்குத் தந்தார். நான் அதை இரண்டு கையாலும் வாங்கினேன். ஆனால் சொன்னது சொன்னதுதான். எவருக்கும் மேலே கிறிஸ்து என்றால் சந்தியாப்பிள்ளை உபதேசியாருக்கும் மேலே. அதிகாரியின் கதிரையைத் தூக்கியவருக்குத் தன் கதிரை தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பஸ் தரிப்பிடத்தில் அவள் கேட்ட கேள்வியை அந்தச் சனிக்கிழமையே அவரிடம் நான் கேட்டிருக்க வேண்டும். ஒரு சைவப் பிள்ளைக்குத் தெரிந்த வித்தியாசம் வாசகம் வாசிக்கிற எனக்குத் தெரியாமல் போனது.

அவர் போய்ச் சேர்ந்த இடத்தில் முதலிடத்தில் இருப்பவர் அவரிடம் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாது. இரக்கத்தோடு கேட்கட்டும் என்று செபிக்க முயல்கிறேன். இன்னும் வாய் வரவில்லை.

இதைக் கீழே என் பெயர் போட்டுத்தான் எழுதத் தொடங்கினேன். ஊரிலிருப்பவர்கள் பெயர் இல்லாமலே என்னைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதைப்பற்றிக் கவலையில்லை. ஆனால் என் பெயரை எழுதினால் ஊரை அறியாதவரும் நாளைக்கு அவள் பெயரைத் தேடிப் பக்கத்தில் எழுதுவார். அவளுக்கு இப்போது குடும்பம் இருக்கிறது, மூத்தவளுக்குக் கலியாணம் பேசுகிறார்களாம். முன்னொரு நாள் அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, உள்ளே இரண்டு ஆண்கள் அவளுடைய வாழ்க்கையைப் பேசி முடித்தோம். அவர்களில் ஒருவர் இறந்துவிட்டார். மற்றவன் பெயர் போடாமல் இதைப் பதிகிறான்.