இரண்டாவது பொட்டலம்

போன வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு வெளியே பூ வாங்கினேன். பூக்காரம்மா செவ்வரளியை வாழையிலையில் மடித்து, நாரால் கட்டி நீட்டினார். பச்சை இலை வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பார். வயசு மட்டும் காரணமில்லை.

என் தங்கை அமுதாவைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அவளுக்கு எல்லாமே நான்தான். நான் பத்தாவதோடு நிறுத்திவிட்டு அரிசி மில்லுக்கு வேலைக்குப் போனவன். அவள் பட்டப்படிப்பு முடித்து, கல்வராயன் மலையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தாள். வீடு வீடாகப் போய், யாருக்குக் குடிதண்ணீர் வருகிறது, யாருக்கு வரவில்லை என்று எழுதுகிற வேலை. மலைக்குப் போகும் பேருந்தை நம்ப முடியாது. லீவு நாளில் என் மொபெட்டில் நானே கூட்டிப்போவேன். ஏற்றத்தில் வண்டி திணறும். அவள்தான் இறங்கி நடப்பாள். அவளைவிட இரண்டு பங்கு எடை உள்ள நான் உட்கார்ந்தே போவேன்.

ஒரு ஊரில் ரோட்டோரம் அடிபம்பு ஒன்று துருப்பிடித்து நின்றது. பெண்கள் அதைத் தாண்டிப் பள்ளத்து ஊற்றுக்குக் குடத்தோடு போனார்கள். தண்ணீர் இருக்கிற இடத்தில் போடவில்லை, ஜீப் வந்து நிற்கிற இடத்தில் போட்டுவிட்டுப் போனார்கள் என்று ஒரு அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அமுதா சிரிக்கவில்லை. திரும்பும் வழியில் வடக்கனந்தல் தாண்டியதும் பின்னாலிருந்து கேட்டாள்.

“பம்பு எங்க போடணும்னு யாருண்ணா முடிவு பண்றாங்க? அதத்தான்ணா நான் படிக்கணும்.”

அதற்கென்று ஒரு மேற்படிப்பு இருக்கிறதாம், சர்வதேச வளர்ச்சி என்று. வளர்வதற்குக்கூட இன்னாடி படிப்பு என்று கேட்டேன். நீ வளராமயே நின்னுட்ட, உனக்கு எப்பிடித் தெரியும் என்றாள். நான் கொஞ்சம் குள்ளம்.

அப்போது இன்டர்நெட் எல்லாம் கடையில் போய்ப் பார்ப்பதுதான். அவள் உள்ளே தேடுவாள், நான் வாசலில் வண்டி மேல் உட்கார்ந்திருப்பேன். ஒரு நீள நோட்டில் கோடு போட்டு டெல்லி, நெதர்லாந்து, இங்கிலாந்து என்று மூன்று இடங்களை எழுதினாள். என்ன பாடம், கிராமத்துக்கு நேரில் போகவிடுவார்களா, உதவித்தொகை உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். நான் கேட்டது ஒன்றே ஒன்று: எப்போது திரும்புவாய்? எனக்காக அதற்கும் ஒரு கட்டம் போட்டாள்.

இங்கிலாந்திலிருந்து பதில் வந்தது. முழு உதவித்தொகை. மாதக் கடைசிக்குள் சம்மதம் எழுத வேண்டும். ஒரே வருஷம்தான், படித்துவிட்டு நம்ம மலைக்குத்தான் வருவேன் என்றாள். எனக்கு மனசு நம்பவில்லை. மெட்ராஸ் போனதுகளே எங்கள் தெருவுக்குத் திரும்பவில்லை. அதை என் முகத்தில் பார்த்து அவளே சொன்னாள்.

“அம்மன்கிட்ட கேட்டுச் சொல்லுண்ணா. அவ சொல்றபடி செய்யலாம்.”

எங்கள் வீட்டில் கல்யாணமானாலும் கிணறானாலும் குலதெய்வம் பச்சையம்மனிடம் பூக்கேட்டுத்தான் செய்வோம். வாழையிலையில் மடித்து வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். ஒன்றைத்தான் எடுத்துப் பிரிக்க வேண்டும். மற்றதைப் பிரிக்காமல் அம்மன் காலடியிலேயே விட்டுவிட வேண்டும்.

விடியற்காலையில் நான்தான் கட்டினேன். இரண்டிலும் சிவப்பையே வைத்துக் கட்டினேன். செவ்வாய் தவறாமல் கற்பூரம் ஏற்றிய கைதான் அதைச் செய்தது. தாயே, பொறுத்துக்கொள்.

கோயிலில் இரண்டையும் அம்மன் காலடியில் வைத்தேன். அமுதா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு. அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, “சரிண்ணா” என்றாள். அழவில்லை.

அப்புறம் சில வருஷம் மலையில் வேலை. பிறகு சங்கராபுரத்தில் கல்யாணம். நல்ல மாப்பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பெண் குழந்தை. அந்த நீள நோட்டு மட்டும் எங்கள் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டது.

போன மாதம் அந்தப் பெண் மேற்படிப்புக்கு டெல்லி கிளம்பினாள். வழியனுப்பப் போன இடத்தில், அமுதா பெட்டியில் துணி அடுக்குவதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. அன்னிக்குக் கோயில்ல, அமுதா, என்று ஆரம்பித்தேன். அவள் தலை நிமிரவில்லை.

“தெரியும்ணா. பொட்டலத்த வைக்கும்போது உன் கை நடுங்குச்சு. மறுநாளே போயி இன்னொண்ணப் பிரிச்சுப் பாத்தேன்.”

ஏன் அப்போதே கேட்கவில்லை என்றேன்.

“பதில் போட இன்னும் நாலு நாள் இருந்துச்சு. நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்.” அடுத்த புடவையை மடித்தாள். “காபி குடிக்கிறியா?”

அந்த நாலு நாளும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒருநாள் தோசை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் நான் சாப்பாடு எடுத்துப் போயிருந்தும் மில்லுக்கு இன்னொரு தூக்கு கொண்டுவந்தாள். போகிற ஆசை விட்டுப்போய் அண்ணன் மேல் பாசம் கூடிவிட்டது என்று, கடவுளே, நான் சந்தோஷப்பட்டேன்.

இப்போதும் அமுதா எல்லாம் சொல்கிறாள். வீடு கட்டி முடித்ததும் சொன்னாள். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும் சொன்னாள். மகளுக்கு இடம் கிடைத்து, ரயில் டிக்கெட்டும் எடுத்தபிறகு சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வாங்கிய பொட்டலத்தைப் பிரிக்காமலே அம்மன் காலடியில் வைத்துவிட்டு வந்தேன். கேட்டுச் சொல்லுண்ணா என்று யாரும் என்னை அனுப்பவில்லை.