தோல்ஷாப்புக்கு வந்த சீஸ்

பாண்டிச்சேரிக் கடையொன்றில் வேலை பார்த்தபோது பிரெஞ்சு மொழிமேல் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. திண்டுக்கல் திரும்பிய பிறகும் தனியாக இருந்தால், மூக்கால் பேசும் அந்த மொழியில்தான் முணுமுணுப்பேன். ஒருநாள் எங்கள் அத்தாவின் தோல்ஷாப்புக்குச் சரக்கு பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர், என் பேச்சில் மகிழ்ந்து ஒரு சீஸ் துண்டை நீட்டினார். வாயில் போட்டதும் அந்த நாற்றத்தில் எனக்குக் குமட்டியது. தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் ஓடிப்போய்த் துப்பினேன்.

"இந்த நாத்தத்துலயே பொறந்து வளந்தவனுக்கு அது நாறுதாக்கும்?" என்றார் அத்தா.

எனக்கே விளங்கவில்லை. பேச்சு இனிக்கிறது, சாப்பாடு மட்டும் ஏன் ஒப்பவில்லை?

பிரெஞ்சில் ஒரு சொல்லும் அறியாத அத்தா ஒரு துண்டை மென்று முடித்து, "இன்னும் இருக்கான்னு கேளுப்பா" என்றார்.

மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டுத் தொலைத்தேன். இப்போதுதான் உச்சரிப்பு சரியாக வந்திருக்கிறது என்றார் துரை. பாராட்டா, கேலியா? இன்றுவரை புரியவில்லை.