மேலே ஒரு தழும்பு, கீழே ஒரு தழும்பு

முதல் உலகச் சண்டைக் காலத்தில் ரயில் பாதை போட மலாயா ரயில்வேயில் வேலை செய்த எங்களில் சிலரைப் பட்டாளத்தில் சேர்த்து ஈராக் பக்கம் பஸ்ராவுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே ஒரு தண்டவாளம் நழுவி என் இடது பாதத்தின் மேல் விழுந்தது. புண் ஆறிவிட்டது. ஆனால் கணுக்காலுக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. நடக்க முடிந்ததால் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் கூச்சம்.

நான் உயிரோடு திரும்பினால் என்னைத் தீ மிதிக்க வைப்பதாக என் மனைவி அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். திரும்பிய வருஷமே கிள்ளான் பக்கத்து எஸ்டேட் கோயிலில் பூக்குழியில் இறங்கினேன். வலது கால் சூட்டை உணர்ந்தது, ஆனால் வேகவில்லை. இடது கால் எதையுமே உணரவில்லை. அதில்தான் மறுநாள் கொப்புளம் கண்டது.

"வர்ற வழியில எதையாச்சும் மிதிச்சிருப்பீங்க" என்று சொல்லி மனைவி மஞ்சள் பூசினாள். நான் முகம் சுளிக்காமல் நடந்ததைப் பார்த்த சனம் அம்மன் அருள் என்றது. கூட வேலை செய்த ஒருவர் மட்டும், "ஒன் நடையைப் பாத்து நெருப்புக்கே குளிர் எடுத்திருக்கும்டா" என்று கேலி செய்தார்.

சில வருஷங்கள் கழித்து அந்தக் காலில் ஆறாத புண் வந்தது. ரயில்வே வேலை போனது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கொடுத்திருந்த லைன் வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். பட்டாளத்தில் கெட்ட கால்தான் என்று நிரூபித்தால் பென்ஷன் உண்டு என்றார்கள். அதைச் சோதிக்கும் டாக்டரிடம் மனைவியோடு போனேன். அவள் திறந்திருந்த கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வெள்ளைக்கார டாக்டர் பாதத்தின் மேல்பக்கம் தண்டவாளத் தழும்பைப் பார்த்தார். பிறகு திருப்பி, அடிப்பக்கம் தீத் தழும்பைப் பார்த்தார். இது எப்படி வந்தது என்று கேட்டார். அங்கே எழுத்து வேலை பார்த்த தமிழ்க் கிராணி நான் சொன்னதை மொழிபெயர்த்துவிட்டு, "சண்டையில கெட்ட காலா, சாமிக்காகக் கெட்ட காலான்னு தொரை கேக்குறார்" என்றார்.

எதைச் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. அம்மன் வலியைத் தாங்கிக்கொண்டாள் என்றால் பென்ஷன் போகும். கால் முன்னமே செத்தது என்றால், அம்மன் அருள் என்று நம்பும் மனைவியின் காதில் விழும். டாக்டர் குண்டூசியால் குத்தினார். வலது கால் துள்ளியது. இடது கால் அப்படியே கிடந்தது.

"தீயில எறங்கினப்ப இந்தக் கால் வலிச்சுதா இல்லையா? வாயத் தொறய்யா" என்றார் கிராணி.

"வலிக்கலைங்க. அது பஸ்ராவுலயே செத்த காலுங்க."

நெற்றியில் திருநீறு பூசியிருந்த கிராணி உடனே மொழிபெயர்க்கவில்லை. என் வலது பாதத்தின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். "இதுல தழும்பே இல்லையே. இது உசிரோட இருக்கிற காலுதானே?"

"ஆமாங்க."

"அப்ப இது ஏன் வேகலை?"

"தெரியலைங்க."

என்ன பேசுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். கால் பஸ்ராவிலேயே செத்தது என்று நான் சொன்னதை மட்டும் கிராணி இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலில் நின்று, "கால் வலிக்கக் கூடாதுன்னா நான் நேர்ந்துக்கிட்டேன்? ஆள் திரும்பி வரணும்னுதானே" என்றாள்.

பென்ஷன் வந்தது. இன்றைக்கும் குளிக்கும்போது வலது பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். வேகாத அந்த அடிப்பக்கத்தில் ஒரு தழும்பும் இல்லை.