வேலை என்றால் மட்டும் வந்த செல்வம் மாமா

செய்தி ஒரு புதன்கிழமை மத்தியானம் போனில் வந்தது. நான் நம்பவில்லை. பேசியவர் கலகெதரையில் கராம்புத் தோட்டம் வைத்திருக்கும் ஹாஜியாரின் மனைவி. "ஒங்கட மாமா வானுக்குள்ள படுத்திருக்கார் புள்ள, எழுப்பினா எழும்புறாரில்ல" என்றார். நல்ல நடிப்பு, பத்துக்கு ஒன்பது போட்டிருக்கிறேன் என்று மாமாவிடம் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அந்த மனுஷி இரண்டாம் தடவை எடுத்தபோது அழுதுகொண்டிருந்தார். போனை அம்மாவிடம் கொடுத்தேன்.

சாவுச் செய்தியை ஒருத்தி இப்படியா வாங்குவாள் என்று கேட்பவர்களுக்கு எங்கள் இரண்டு பேரையும் தெரியாது. தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. செல்வம் மாமா அம்மாவின் ஒரே தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டில் அவருக்கு ஓர் அறை, ஓர் அலுமாரி, ஒரு கதிரை எல்லாம் இருந்தன. அவர் வீடில்லாதவர் அல்ல, வீட்டில் இல்லாதவர்.

அது தொடங்கியது டீசல் வரிசையில். அப்போது அவர் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வான் ஓட்டிக்கொண்டிருந்தார். நாடே வரிசையில் நின்ற அந்த வருடம், மாமாவும் நான்கு நாட்கள் வரிசையில் நின்றார். நின்றார் என்பது மரியாதைக்கு, படுத்திருந்தார். நாங்கள் சோறு கொண்டுபோய்க் கொடுத்தோம். ஐந்தாம் நாள் டீசல் கிடைத்தது, மாமா திரும்பி வரவில்லை. பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு ஒரு மெத்தை, ஒரு காஸ் அடுப்பு, ஒரு தண்ணீர்க் கேன் வைத்திருந்தார். எல்லோருக்கும் வானமே கூரை என்றால் மாமாவுக்கு வானே கூரை. "நாலு நாளா ஒன்னும் கொறையலியே அக்கா, அப்பறம் என்னாத்துக்கு வீடு?" என்று கேட்டார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். எங்கள் மாமா மட்டும் அது பிடித்துப்போய் வானிலேயே தங்கிவிட்டார். இப்படி ஓர் ஆளை நீங்கள் வேறு எங்காவது பார்த்ததுண்டா?

அதற்குப் பிறகு அவர் பருவத்தோடு போனார். கராம்புக்குக் கலகெதரை. நோன்புப் பெருநாளுக்குக் கம்பளையில் ஒரு புடவைக்கடை. ஏப்ரலில் நுவரெலியா, அங்கே குதிரைச் சவாரிக்கு ஆள் சேர்ப்பது. மிளகுக்கு மாத்தளைப் பக்கம். பெரஹரா ஊர்வல நாட்களில் கண்டியில் யாருடைய வளவிலாவது வாகனங்களை நிறுத்திக் கொடுப்பது. டிசம்பரில் சப்பாத்துக் கடை. வேலை தருகிறவரிடம் அவர் முதலில் கேட்கும் கேள்விகள் மூன்று: வான் நிறுத்த நிழல் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, கக்கூஸ் இருக்கிறதா. சம்பளத்தைப் பற்றி அவர் கேட்டதாக எனக்குத் தெரிந்து இல்லை. முதலாளி தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

பொறுக்க முடியாமல் அம்மா பிலிமத்தலாவையில் ஒரு ஹாட்வெயார் கடைக்காரரிடம் கெஞ்சி அவருக்கு நிரந்தர வேலை ஒன்று வாங்கிக் கொடுத்தார். மாமா பதினொரு நாட்கள் போனார். பன்னிரண்டாம் நாள் வான் எங்கள் வாசலில் நின்றது. கடைக்காரரோடு சண்டையா என்று கேட்டோம். இல்லையாம், தங்கமான மனுஷனாம். "நெரந்தரம்னா முடியிற நாளு தெரியாதுக்கா. முடியிற நாளு தெரியாத வேலைய எப்பிடிச் செய்யிறது?" என்றார். அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமா அந்த அகப்பையை எடுத்துத் தனக்குச் சோறு போட்டுக்கொண்டார்.

பிறகு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் கிளினிக் கொப்பி போட்டுக் கொடுத்தார்கள், மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னார்கள். மாமாவின் கணக்கில் கிளினிக் நாள் எப்போதும் பருவத்துக்கு நடுவில்தான் விழும். மிளகு காத்திருக்காது, டாக்டர் காத்திருப்பார் என்பார். அம்மா அழுதார், திட்டினார், கோயிலில் நேர்ந்துகொண்டார். எதுவும் பலிக்கவில்லை. எனக்குக் குரல் மாற்றிப் பேச வரும் என்பது எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் பலருக்குத் தெரியும். ஆகவே நான் மாமாவுக்குப் போன் எடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு எதிரில் புதிதாகப் பழக்கடை திறக்கிறோம், இரண்டு நாள் வேலை, வானுக்கு நிழல் உண்டு, தண்ணீர் உண்டு, கக்கூஸ் உண்டு என்று அறுபது வயது முதலாளியம்மாவாகப் பேசினேன். நம்பிக்கை வர என் அம்மா மேல் சத்தியமும் செய்தேன். மறுநாள் காலையில் ஸ்திரி போட்ட சேர்ட்டோடு மாமா வந்து இறங்கினார். எதிரில் பழக்கடை இல்லை. கிளினிக் கொப்பியோடு அம்மா நின்றார்.

அவருக்கு வந்த கோபம் ஏமாற்றியதற்காக அல்ல. "பாதி மரத்துல ஏணிய வச்சிட்டு வந்திருக்கேன்டி" என்றார். வந்தவர் உள்ளே போனார். வரிசையில் நின்றபடியே அங்கே வேலை செய்கிற ஓர் ஆளிடம், இங்கே தற்காலிகமாக ஆள் எடுப்பீர்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, இதயக் குழாய்களைச் சோதிக்க வேண்டும், கட்டில் காலியானதும் போனில் கூப்பிடுவோம் என்று எழுதினார்.

அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் வேறு குரல்களில் வேறு கடைகளைத் திறந்தேன். வந்தார். பதிலுக்கு அவர் கல்யாணத் தரகராக அம்மாவுக்குப் போன் எடுத்து, மாத்தளையில் ஒரு பல் டாக்டருக்கு என் சாதகத்தைக் கேட்டார். பதினேழு வயதுப் பிள்ளையின் சாதகத்தை அம்மா அரை மணி நேரம் அலுமாரிக்குள் தேடினார். எங்கள் வீட்டில் புதிய நம்பரிலிருந்து போன் வந்தால், இது நீயா அவனா என்றுதான் அம்மா கேட்பார்.

சென்ற மாதம் ஒரு மாலையில் மாமா போன் எடுத்தார். ஒரே சிரிப்பு.

"இந்தத் தடவ சிங்களம் சுத்தமா வருதுடி. அவசரத்துல மூச்சு வாங்குற மாதிரி பேசினே பாரு, அதுதான் எடம்."

நான் எடுக்கவில்லை என்றேன்.

"நாலாவது தடவயும் ஏமாறுவேனா? கராம்பு காயுது, நான் வரலே, கட்டில வேற யாருக்காச்சும் குடுங்கன்னு நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டேன்."

அம்மா மேல் சத்தியம் என்றேன். பழக்கடைக்கும் அதே சத்தியம்தானே என்று சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் காலையில் அம்மாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டோம். அழைத்தது உண்மையான நர்ஸ்தான். கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், அடுத்த இடம் மூன்று வாரம் கழித்து. மாமாவிடம் சொன்னபோது, கட்டில் யாருக்குப் போனது என்று கேட்டார். பிறகு, "பாத்தியா, அவசரம்னா மூணு வாரம் தள்ளிப் போடுவாங்களா?" என்றார். அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் ஹாஜியாரின் மனைவி போன் எடுத்தார்.

நான்தான் காரணமா என்று அம்மாவிடம் கேட்டேன். "ஒன்னோட பொய் இல்லாட்டி அவன் ஒரு தடவகூட போயிருக்க மாட்டான்டி" என்றார். அது எனக்கு ஆறுதலாகவும் இருக்கிறது, ஆறாமலும் இருக்கிறது. மாமாவின் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. உண்மையாகக் கூப்பிடும் ஒரு குரலை என் குரல் என்று நினைக்கும் அளவுக்கு என்னை மெச்சியிருக்க வேண்டாம்.

அவருடைய பட்டன் போன் இப்போது என்னிடம். அதில் ஒரு நம்பர்கூடச் சேமிக்கப்படவில்லை. ஆள் தேவைப்படுகிறவனே எடுப்பான் என்பது அவர் கொள்கை. ஆகவே அவர் வேலை செய்த இடங்களுக்கு நானாக எடுத்துச் சொல்ல வழியில்லை. நேற்றுக் கம்பளைப் புடவைக்கடை முதலாளி எடுத்தார்.

"செல்வம், நோன்பு வருது. எப்ப வார?"

நான் யார் என்று சொன்னேன், மாமா இல்லை என்றேன். எங்கே போயிருக்கிறார் என்று கேட்டார். சொன்னேன். விளையாட வேண்டாம் மகள் என்றார். மறுபடியும் சொன்னேன். "மௌத்தாப் போயிட்டாரா" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, பெருநாளுக்கு முதல் நாள் கூட்டத்தில் மாமா ஒருவரே மூன்று ஆட்களின் வேலையைச் செய்வார் என்றார். எங்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

இனி நுவரெலியாவிலிருந்து ஒருவர் ஏப்ரலில் எடுப்பார். மிளகுக்காரர் ஒருவர், பெரஹராவுக்கு ஒருவர், டிசம்பரில் சப்பாத்துக் கடைக்காரர். அவரவர் பருவம் வரும்வரை அவர்களுக்கு மாமா உயிரோடுதான் இருக்கிறார். எல்லோருக்கும் சொல்லி முடிக்க ஒரு வருடமாகும். இதை வாசிப்பவர்களில் அவர்களும் இருந்தால் இப்போதே தெரிந்துகொள்ளட்டும். இல்லாவிட்டால் தங்கள் பருவத்தில் எடுக்கட்டும். போனுக்கு நாள் தவறாமல் சார்ஜ் போடுகிறேன். யாருடைய குரல் என்றாலும், இது யாராயிருக்கும் என்று யோசிக்காமல், சொல்வதை முழுவதும் கேட்கிறேன்.