சமையல்கட்டிலிருந்து ஓடும் ரயில்

விபூதியைத் தொட்டுக்கொண்டுதான் மாணிக்கவாசகம் ஒயரை முறுக்குவார். தறியில் அறுந்த இழையைச் சேர்க்கும்போது விரல் வழுக்காமலிருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வது நெசவாளர் வழக்கம். பட்டுக்குச் செய்வதைச் செம்புக்கும் செய்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பார். குறைவது வெளிச்சம்தான். முறுக்கிய இடத்தில் சாம்பல் சம்மணம் போட்டு உட்கார்ந்து கரண்டை வழிமறிக்க, ஏதாவது ஒரு விளக்கு விட்டுவிட்டு எரியும். யாராவது சுட்டிக்காட்டினால், "அது கோளாறு இல்லபா, சிக்னலு" என்பார்.

பிள்ளையார்பாளையத்தில் அவர் வீடு இருக்கும் தெருவில் கார்த்திகைக்கு எல்லா வாசலிலும் அகல் எரியும். இவர் வாசலில் அகலோடு சேர்ந்து ஒரு ரயிலும் எரியும். பத்துப் பன்னிரண்டு வருஷமாக இது நடக்கிறது. கார்த்திகைக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காத ஆள் கிடையாது. "விளக்கு ஏத்துன்னுதான் பெரியவங்க சொல்லிக்கினு போனாங்க. எதுல ஏத்தணும்னா சொன்னாங்க?" என்று திருப்பிக் கேட்பார். கேட்டவர் யோசித்துக்கொண்டே போய்விடுவார்.

எஞ்சின் நல்லெண்ணெய் டின். பெட்டிகள் பிஸ்கட் டின்கள். சக்கரங்கள் எல்லாம் சரிகை தீர்ந்த ரீல்கள். வாசல் சுவரை ஒட்டி, சாக்கடைக்கு மேலே பலகை போட்டு, அதன்மேல் வண்டி நிற்கும். நிற்கும் என்றால் நிற்க மட்டும்தான் செய்யும், சக்கரம் சுற்றாது. ஜன்னல்களில் உள்ள சின்ன விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணைய, கொஞ்சம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் ரயில் ஓடுவதுபோல இருக்கும். கண்ணைச் சுருக்காதவர்கள்மேல் அவருக்கு வருத்தம் உண்டு. ஒரு வருஷம் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டதில் வெளிச்சம் கடைசிப் பெட்டியில் தொடங்காமல் எஞ்சினிலிருந்து பின்னால் ஓடியது. தெருவே கூடிச் சிரித்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஷண்டிங் போவுது, தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டார்.

இவ்வளவு ரயில் பித்துள்ள மனிதர் சென்னைக்குப் பஸ்ஸில்தான் போவார். "உள்ள குந்திக்கினா ரயில் எப்டிபா கண்ணுக்குத் தெரியும்?" என்பது அவர் நியாயம்.

வண்டிக்கு உயிர் ஒரு பழைய இன்வெர்ட்டர் பேட்டரி. முதல் வருஷம் வீட்டுக் கரண்டைத்தான் இழுத்திருந்தார். கார்த்திகை மாசத்துத் தூறல் எண்ணெய் டின்னை நனைக்க, எஞ்சினை முகர்ந்த தெருநாய் ஒன்று துள்ளிய துள்ளலை இன்னும் பேசுகிறார்கள். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மாணிக்கவாசகத்தின் மனைவி அம்சவேணி அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இனிமே வூட்டுக் கரண்டு வாசப்படி தாண்டுச்சு, நானும் தாண்டி எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்."

அப்படி வந்ததுதான் பேட்டரி. அதை வெளியே வைத்தால் நனையும், இல்லாவிட்டால் யாராவது தூக்கிக்கொண்டு போவார்கள். முன்கூடம் முழுக்கத் தறி. மிச்சமிருந்தது சமையல்கட்டு. கிரைண்டருக்குப் பக்கத்தில் பேட்டரி உட்கார்ந்தது, அதன்மேல் சுவிட்சு உட்கார்ந்தது, சுவிட்சு இருக்கும் இடத்தில் அம்சவேணியும் இருந்தாக வேண்டியதாயிற்று. அவர் வாசலில் நின்று "ஓட்டு" என்று கத்துவார். அவள் மாவு ஒட்டிய விரலால் அமுக்குவாள். "நிறுத்து" என்பார். நிறுத்துவாள். குக்கர் விசில் அடித்தால் வண்டி கிளம்பப்போகிறது என்று தெருப் பிள்ளைகள் ஓடிவந்துவிடும். பேட்டரி களைத்து விளக்கெல்லாம் மங்கினால், "எதிர் வண்டிக்கு வழி வுட்டுக்கினு நிக்குது" என்று அறிவிப்பார். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிர் வண்டிக்குக் காத்து நின்று பழகிய ஊர்க்காரர்கள் அதை எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

இந்த வருஷம் கார்த்திகைக்குக் கொஞ்ச நாள் முன்பு, பக்கத்து வீட்டுக் கலைவாணி கறிவேப்பிலை கேட்டு வந்தாள். வந்தவள் சும்மா போகாமல், "அக்கா, உங்க ரயில்ல அந்த நாலாவது பொட்டி பச்சையா எரியுது பாரு, அதான்கா அழகு" என்றாள்.

"பச்சையா எரியுது?" என்று கேட்டாள் அம்சவேணி. "எனக்கு எங்க தெரியும்? நான் பார்த்ததே இல்லியே."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கறிவேப்பிலையை உருவிக்கொண்டே சொன்னாள். ஆனால் கூடத்தில் தறியிலிருந்த மாணிக்கவாசகத்துக்குக் கை நின்றுவிட்டது. இத்தனை வருஷமாக ஊரெல்லாம் பார்த்த ரயிலை, அதை ஓட்டுகிறவள் பார்க்கவில்லை என்பது அதுவரை அவர் மண்டைக்கு எட்டியதே இல்லை. வெட்கமாக இருந்தது. இந்தக் கார்த்திகைக்கு அவள் வாசலில் நின்று பார்த்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்து, நேரே கடைத்தெருவுக்குப் போய் ஒரு ரிமோட் வாங்கி வந்தார். வந்த வேகத்தில் பழைய சுவிட்சைச் சரிகைக் கத்திரியால் ஒட்ட நறுக்கித் தூக்கிப் போட்டார்.

"ரிமோட்டு இன்னாத்துக்கு? நான் இன்னா செத்தா போயிட்டேன்?" என்றாள் அம்சவேணி.

"கார்த்திகை அன்னிக்கு நீ வாசல்ல நிக்கற. அவ்ளோதான்" என்றார். அவளுக்கு விளங்கிவிட்டது. அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. கார்த்திகை அன்று சாயங்காலம் அம்சவேணி அரக்குச் சேலை கட்டி, அகலெல்லாம் ஏற்றிவிட்டு, கையில் ஒட்டிய அப்ப மாவோடு வாசலுக்கு வந்து நின்றாள். மாணிக்கவாசகம் ரிமோட்டை அமுக்கினார். ரயில் எரிந்தது. அதே நொடியில் எதிர்வீட்டு ஜெயக்குமார் வாசலில் தொங்கிய சீரியல் லைட் முழுக்க அணைந்தது. அம்சவேணி ரயிலைப் பார்ப்பதற்குள் எதிர்வீட்டு இருட்டைத்தான் பார்த்தாள். உள்ளேயிருந்து ஜெயக்குமார் எதையோ அமுக்க, அவர் வாசல் எரிந்தது, ரயில் அணைந்தது. இவர் அமுக்கினார். அவர் அமுக்கினார். தெரு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. கடைசியில் ஜெயக்குமார் வெளியே வந்தார். அவர் கையிலும் அதே வெள்ளை ரிமோட்.

"அண்ணே, உங்களுதும் அந்த மூலைக் கடையா?"

"ஆமாபா. ஒண்ணு வாங்குனா செல்லு ஃப்ரீன்னான்."

"எனக்கும் அதான் சொன்னான்."

எந்த ரிமோட்டை அமுக்கினாலும் இரண்டு வீடும் மாறும், இரண்டில் ஒன்றுதான் எரியும் என்பது அப்போது எல்லாருக்கும் புரிந்தது. ஜெயக்குமார் நல்ல மனுஷன். "நீங்க எரியவுடுங்கண்ணே, எங்க வூட்ல அகல் இருக்குது" என்றார். அதற்கு அம்சவேணி ஒப்பவில்லை. "கார்த்திகையும் அதுவுமா அடுத்த வூட்டு வெளக்க அணைச்சிட்டு நான் ரயில் பார்க்கணுமா? வோணாங்க. நான் உள்ள போயி சுவிட்சு போடறேன்" என்று திரும்பினாள்.

சுவிட்சு ஏது? மாணிக்கவாசகம் அவளை முந்திக்கொண்டு உள்ளே ஓடினார். சுவிட்சு இருந்த இடத்தில் மாட்டியிருந்த ரிமோட் பெட்டியைப் பிடுங்கி எறிந்தார். மிஞ்சியவை இரண்டு ஒயர் நுனிகள். கத்திரி போட்ட அவசரத்தில் முறுக்குவதற்குக்கூட நீளம் மிச்சம் வைக்கவில்லை. இழுத்துப் பிடித்தால் ஒன்றையொன்று தொடும், விட்டால் விலகும். வேறு ஒயர் தேடிப் போனால் வெளியே தொடங்கியிருந்த தூறல் மழையாகிவிடும். தரையில் அப்பத்துக்காக இறக்கி வைத்திருந்த சின்ன அடுப்பில், சிறுதீயில், வாணலிக்குள் ஓர் அப்பம் வெந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு கைக்கு ஒரு நுனியாகப் பிடித்துச் சேர்த்தார்.

வாசலில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

"அம்சா, எரியுதா?"

"எரியுதுங்க."

"ஓடுதா? கண்ண சுருக்கிக்கினு பாரு."

அவர் இருந்த இடத்திலிருந்து தெரிந்தது கிரைண்டரும் எண்ணெய்ச் சட்டியும்தான்.

"ஓடுதுங்க" என்றாள். பிறகு, "அந்தப் பச்சைப் பொட்டியில யாரோ குந்திக்கினு ஊருக்குப் போற மாதிரியே இருக்குது" என்றாள்.

மாணிக்கவாசகம் ஒயர் நுனிகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அந்த ரயிலைப் பற்றி ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை. எல்லாரும் ஷண்டிங்கையும் நாயையும்தான் சொல்வார்கள்.

வாணலியில் அவள் ஊற்றிவிட்டுப் போன அப்பம் ஓரம் கறுத்துப் புகைய ஆரம்பித்தது. வாசனை வாசல்வரை போயிருக்க வேண்டும்.

"அப்பம் தீயுது போல. இருங்க, வரேன்."

"வராத. நீ பாரு."

"அடுப்பையாவது அணைங்க."

அவர் ஒயரைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். பிறகு மெல்ல வலது காலை நீட்டி, கட்டைவிரலை அடுப்பின் திருகுமேல் வைத்துத் திருப்பினார். தீ பெரிதானது. நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபக்கம் திருப்பினார். அணைந்தது. கைகள் இரண்டும் ஒயரை விடவில்லை.