ஜன்னல் பக்கம் திரும்பிய பஸ்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். மாமல்லபுரத்தில் நான் கடை வைத்திருந்த எழுபதுகளில் அது ஊரறிந்த விஷயம். என் ஏழு வயது மகளுக்குப் பேச்சு வரவில்லை; பஸ் கிளம்பினால் அலறல் மட்டும் வரும். ஆட்டிசம் என்ற சொல்லை நான் கேட்டதெல்லாம் ரொம்ப காலம் கழித்துத்தான்.

வியாழன்தோறும் அவளைச் செங்கல்பட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போவேன். குழந்தைக்கு வைத்தியம் பார்ப்பார் என்று போனால், என்னைவிடச் சின்னவரான அவர் எனக்குப் பாடம் நடத்தினார்.

"அவ கத்தும்போது பஸ் ஜனமே பிஸ்கட்டோட ஓடி வருதுன்னு சொல்றீங்க. சும்மா இருக்கும்போது யாராவது பாக்கறீங்களா? கத்தினா கண்டுக்காதீங்க. அமைதியானதும் பிடிச்சதைக் குடுங்க."

நான் கண்டுக்காமல் இருந்துவிடுவேன். பஸ்ஸுக்கு யார் சொல்வது? கண்டக்டர் வேறு, "இன்னா பாய், ஜனங்க பேஜாராவுறாங்க. இன்னொரு வாட்டி இப்டின்னா ஏத்த முடியாது" என்று சொல்லியிருந்தார். அந்த பஸ்ஸை விட்டால் டாக்டரம்மாவும் இல்லை. வெட்கத்தை விட்டு அந்தக் கண்டக்டரிடமே எல்லாவற்றையும் சொன்னேன்.

மனுஷனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எல்லாரும் கேட்டுக்கோங்க! பாப்பா கத்துனா ஜன்னலுக்கு வெளிய பாருங்க!" மீன்கூடைக்காரம்மா உட்பட அத்தனை தலையும் திரும்பியது. திருக்கழுக்குன்றம் தாண்டி மகள் ஓய்ந்தாள். சந்தோஷத்தில் பஸ் மொத்தமும் கைதட்டியது. அந்தச் சத்தத்தில் மிரண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் கைதட்டலுக்குத் தடை. அவள் ஓய்ந்ததும் கண்டக்டர் அவளுடைய அரை டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். டிக்கெட் என்றால் அவளுக்கு உயிர். வீடு வரும்வரை பிடித்த பிடி விடமாட்டாள், யாரையும் தொடவும் விடமாட்டாள். காலை பஸ்ஸில் என்றும் அதே முகங்கள்தான். இரண்டு மாதத்தில் அலறல் பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதில்லை.

அப்புறம் ஒரு வியாழன். மகளை உட்காரவைத்துவிட்டு நான் பீடி வாங்கி வருவதற்குள், அவள் பக்கத்து சீட்டில் ஒருவர் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டார். நான் எகிறினேன். அவர் பரம்பரையையே இழுத்தேன். சுற்றிப் பார்த்தால் பஸ் மொத்தமும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. கண்டக்டரும்தான். என் மகளும்தான்.

வாயை மூடிக்கொண்டேன். அந்த ஆள் துண்டை எடுத்துக்கொள்ள, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பஸ் கிளம்பி, அவள் டிக்கெட்டும் அவள் கைக்கு வந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து அவள் திரும்பி, தன் டிக்கெட்டை என் கையில் வைத்தாள்.